ஆசை எப்போது இலக்காகிறது?

திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் ஆலத்தூர் கேட்டில் இறங்கி மேற்கே திரும்பினால் செட்டிகுளம். பெரம்பலூர் மாவட்டத்தில் சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன ஊர். ஊருக்குள் ஏகாம்பரேசுவரர் கோயில். குன்றின்மேல் கரும்பைக் கையில் ஏந்திய தண்டாயுதபாணி. பங்குனி உத்திரத்துக்கு முருகனை வேண்டி விரதம் இருப்பவர் ஒருவரைக் கவனித்துப் பாருங்கள். தொடக்கம் எந்த நாள், முடிவு எந்த நாள் என்பது அவருக்குத் தெரியும். எதைச் சாப்பிடக் கூடாது, எங்கே படுக்க வேண்டும், காலையில் எழுந்ததும் முதல் வேலை என்ன என்பதெல்லாம் முன்பே முடிவாகிவிட்ட விஷயங்கள். கையில் காப்பு இருக்கிறது. வீட்டில் இருப்பவர்களுக்கும் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் அவர் விரதத்தில் இருப்பது தெரியும். "இந்த வருஷம் கொஞ்சம் கூடுதலா பக்தியா இருக்கலாம்னு பாக்குறேன்" என்று சொல்லி யாரும் விரதம் தொடங்குவதில்லை.

அதே மனிதர் ஜனவரி முதல் தேதி, "இந்த வருஷம் உடம்பைக் குறைக்கணும்" என்கிறார். பொங்கல் கரும்பு தீர்வதற்குள் அது மறந்துபோகிறது. எனக்கு மன உறுதி போதாது என்று தன்னையே நொந்துகொள்கிறார். விரதத்தை ஒரு நாள்கூடப் பிசகாமல் முடித்தவருக்கு மன உறுதி இல்லை என்று எப்படிச் சொல்வது? அவரிடம் உறுதி இருந்தது. ஜனவரியில் அவர் வைத்துக்கொண்டது ஆசை மட்டுமே. அதற்கு அளவு கிடையாது, நாள் கிடையாது, பார்க்க ஆளும் கிடையாது.

ஆசையை இலக்காக்குவது பற்றி மேடைப் பேச்சாளர்கள் நிறையச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொல்லும் ஒரு கதையை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். 1953-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்தவர்களில் 3 சதவீதம் பேர் மட்டும் இலக்கை எழுதி வைத்திருந்தார்களாம். 20 ஆண்டு கழித்துப் பார்த்தால் மற்ற 97 சதவீதம் பேரின் சொத்தைவிட அந்த 3 சதவீதம் பேரின் சொத்து அதிகமாம். சிலர் யேலுக்குப் பதிலாக ஹார்வர்டு என்பார்கள். அப்படி ஓர் ஆய்வு நடக்கவே இல்லை. தேடிப் பார்த்தவர்களிடம் யேல் தரப்பே அதைச் சொல்லிவிட்டது. ஆனால் நிஜமாக நடந்த ஆய்வுகள் இருக்கின்றன. அவை இந்தக் கதையைவிடச் சுவையானவை.

அமெரிக்க உளவியலாளர் எட்வின் லாக் 1968-இல் ஒரு கட்டுரை எழுதினார். "உன்னால் முடிந்ததைச் செய்" என்று சொல்லி விட்டால் மனிதர்கள் முடிந்ததைச் செய்வதில்லை. திட்டமான, சற்றுக் கடினமான அளவு ஒன்றைச் சொன்னால் அதைவிடக் கூடுதலாகச் செய்கிறார்கள் என்பது அதன் சாரம். சோதனைக்கூடத்தில் கண்டது களத்தில் எடுபடுமா என்ற கேள்வி வந்தது. கேரி லேதம் என்பவர் அதை ஓக்லஹோமா மாநிலத்தில் மரம் ஏற்றும் லாரிகளில் சோதித்தார். 1975-இல் முடிவு வெளியானது.

அந்த ஓட்டுநர்களின் சிக்கல் நம் ஊர் லாரிக்காரர்களுக்கு உடனே புரியும். மரத்துண்டு ஒவ்வொன்றும் ஒவ்வொரு பருமன். எத்தனை ஏற்றினால் சட்டம் அனுமதிக்கும் எடை வரும் என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் மதிக்க வேண்டும். கூடிப்போனால் அபராதம். எனவே பயந்து பயந்து, அனுமதித்த எடையில் 60 சதவீதம் அளவுக்கே ஏற்றிக்கொண்டு போனார்கள். "முடிந்தவரை ஏற்றுங்கள்" என்று பலமுறை சொல்லியும் பலன் இல்லை. பிறகு 94 சதவீதம் என்று ஓர் எண்ணைச் சொன்னார்கள். கூலியைக் கூட்டவில்லை, எட்டாவிட்டால் தண்டனையும் இல்லை. முதலில் ஏறியது, இடையில் ஒரு மாதம் சரிந்தது (நிர்வாகம் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறதா என்று ஓட்டுநர்கள் ஆழம் பார்த்தார்கள்), பிறகு 90 சதவீதத்தைத் தாண்டி அங்கேயே நின்றுவிட்டது. எண் வந்ததும் ஓட்டுநர்கள் கையில் நோட்டு வைத்துக் குறித்துக்கொள்ளவும், ஒருவரோடு ஒருவர் போட்டி போடவும் தொடங்கினார்கள். அளவு தெரிந்த வேலையில்தான் நேற்றைவிட இன்று மேல் என்று சொல்ல முடியும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எத்தனை மரம் ஏற்றுவது என்பது அந்த ஓட்டுநரின் கையில் இருந்தது. மரத்தின் விலையை அவருக்கு இலக்காகக் கொடுத்திருந்தால் எந்த மாற்றமும் நடந்திருக்காது. இலக்கு வைப்பவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

செட்டிகுளத்துக் காட்டுக்கு வருவோம். ஒரு ஏக்கர் சின்ன வெங்காயம் நட ஏறக்குறைய 600 கிலோ விதை வெங்காயம் வேண்டும். எழுபதிலிருந்து தொண்ணூறு நாளில் அறுவடை. வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 5 ரகம் எக்டேருக்கு 18 டன் வரை தரும் என்கிறார்கள். ஏக்கர் கணக்கில் ஏழு டன். திருகல் நோய் விழுந்தாலோ, அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டாலோ அதில் பாதிகூடத் தேறாது. விலையோ திருச்சி மண்டியில் முடிவாகிறது. 2019 டிசம்பரில் கிலோ 100 ரூபாயைத் தாண்டிப் போன அதே சரக்கை, பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டாமல் விற்ற ஆண்டுகளும் உண்டு.

இப்படிப்பட்ட பயிரில் "இந்தப் பட்டத்தில் ரெண்டு லட்சம் லாபம்" என்று எழுதி வைத்தால் அது ஆசைதான். விதையை நேர்த்தி செய்துதான் நடுவேன். மண்ணைப் பரிசோதித்து அதற்குத் தக்க உரம் வைப்பேன். வாரத்துக்கு இரண்டு நாள் வரப்பில் நின்று திரும்பாமல் பாத்திக்குள் இறங்கித் தாளைப் புரட்டிப் பார்ப்பேன். செலவு ஒவ்வொன்றையும் அன்றைக்கே நோட்டில் எழுதுவேன். இவை இலக்குகள். விலை சரிந்தாலும் இவற்றைச் செய்தோமா இல்லையா என்று சொல்லிவிட முடியும். பட்டம் கெட்டுப்போனாலும் அடுத்த பட்டத்துக்கு அந்த நோட்டு மிஞ்சும். ஆறேழு பட்டத்துக் கணக்கை எழுதி வைத்திருக்கும் விவசாயியிடம், அசல் விலை கிலோவுக்கு எவ்வளவு விழுந்தது என்ற எண் இருக்கும். மண்டியில் பேரம் பேசும்போது அது உதவுகிற அளவுக்கு வேறெதுவும் உதவாது.

லாபத்தை நினைக்கவே கூடாது என்பதில்லை. நினைக்காமல் யார் நடவு போடுவார்கள்? முடிவு திசையைக் காட்டும். நாள்தோறும் நம்மை நாமே கேட்டுக்கொள்ளும் கேள்வி மட்டும் செயலைப் பற்றியதாக இருக்க வேண்டும்.

அதே வீட்டில் டிகிரி முடித்த ஒரு பெண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவளுடைய ஆசை, அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குரூப் 4 தேர்வில் வெல்வது. இந்தப் பக்கத்தில் டிகிரி முடித்தவர் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். குரூப் 4 கனவும் வீட்டுக்கு வீடு இருக்கிறது. 2025 ஜூலை 12 அன்று நடந்த தேர்வுக்கு அறிவிப்பில் இருந்த இடங்கள் 3,935. எழுதியவர்கள் 11 லட்சத்துக்கும் மேல். ஏறக்குறைய 280 பேருக்கு ஓர் இடம். "இந்த வருஷம் பாஸ் ஆகிடணும்" என்பதில் மற்ற 279 பேர் என்ன செய்கிறார்கள் என்பதும் அடங்கியிருக்கிறது. அது அவள் கையில் இல்லை.

அவள் கையில் இருப்பதைப் பார்ப்போம். 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் முதல் 100 கேள்வி தமிழ். தமிழில் 60 மதிப்பெண் வரவில்லை என்றால் மீதி விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். அப்படியானால் முதல் மூன்று மாத இலக்கு தானாகவே வடிவம் பெறுகிறது: ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையுள்ள ஐந்து தமிழ்ப் புத்தகங்களை முடிப்பது, ஒரு பாடம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு இருபது கேள்விக்குப் பதில் எழுதிப் பார்ப்பது, ஞாயிறுதோறும் பழைய வினாத்தாள் ஒன்றைக் கடிகாரம் வைத்துக்கொண்டு முழுமையாக எழுதுவது. "தினமும் எட்டு மணி நேரம் படிப்பேன்" என்பதை நான் இந்தப் பட்டியலில் சேர்க்க மாட்டேன். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பது யாருக்கும் கைவந்த கலை. மணி நேரத்தை அளந்தால் உட்காருவது வளரும், பதில் எழுதுவதை அளந்தால் பதில் எழுதுவது வளரும்.

எண் வைப்பதில் ஒரு விதிவிலக்கு உண்டு. வேலையே புதிதாக இருக்கும்போது பெரிய எண் கெடுதல் செய்யும். 1989-இல் கான்ஃபர், ஆக்கர்மன் என்ற இருவர், விமானங்களைத் தரையிறக்கும் கட்டுப்பாட்டுப் பணியைக் கணினியில் அமைத்து, அமெரிக்க விமானப்படையில் சேர்ந்த புதியவர்களிடம் கொடுத்தார்கள். வேலையைக் கற்றுக்கொண்டிருக்கும்போதே எண் இலக்கு கொடுக்கப்பட்டவர்கள் சிரமப்பட்டார்கள். கற்பதில் போக வேண்டிய கவனம் எண்ணில் போனது. ஓரளவு கைப்பழக்கம் வந்தபிறகு கொடுத்தபோது அதே இலக்கு உதவியது. கணக்கு என்றாலே நடுங்குகிற பெண்ணுக்கு முதல் மாதம் "25-க்கு 20" என்று இலக்கு வைப்பது வீண். சதவீதம், தனிவட்டி, விகிதம் மூன்றையும் எத்தனை விதமாகக் கேட்பார்கள் என்று கண்டுபிடிப்பது அந்த மாதத்துக்குப் போதும். முதல் முறையாகச் சொட்டுநீர் போட்டவருக்கும் இதுவே பொருந்தும். முதல் பட்டம் குழாய் எங்கே அடைக்கிறது என்று தெரிந்துகொள்வதற்கு. மகசூல் இலக்கு அடுத்த பட்டத்துக்கு.

அடுத்தது, எப்போது, எங்கே என்ற கேள்வி. ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் இதைத்தான் பல ஆண்டு ஆராய்ந்தார். ஓர் ஆய்வில், கிறிஸ்துமஸுக்கு முந்திய நாளை எப்படிக் கழித்தோம் என்று 48 மணி நேரத்துக்குள் எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் கேட்டார். ஒரு பகுதியினரிடம் மட்டும் எந்த நேரத்தில், எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதப் போகிறார்கள் என்பதைக் கூடவே கேட்டார். அப்படிச் சொன்னவர்களில் முக்கால்வாசிப் பேர் எழுதி அனுப்பினார்கள். சொல்லாதவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான். இரு தரப்புக்கும் ஆசை ஒன்றுதான், வேலையும் ஒன்றுதான்.

இதில் கடிகார நேரத்தைவிட, ஏற்கெனவே தவறாமல் நடக்கிற ஒரு காரியத்தோடு கோத்துவிடுவது நல்லது. காட்டு வேலை இருக்கிற வீட்டில் "காலை ஆறு மணிக்குப் படிப்பேன்" நிலைக்காது. ஆள் வராத நாளில் ஆறு மணிக்கு வெங்காயம் பறிக்கப் போக வேண்டியிருக்கும். "மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்ததும் திண்ணையில உக்காந்து ஒரு பாடம்" நிலைக்கும், ஏனென்றால் மாடு மறக்க விடாது. தடங்கலுக்கும் இப்படியே ஒரு வழி சொல்லி வைக்கலாம். கரண்ட் போனால் போனில் இறக்கி வைத்திருக்கும் வினாத்தாள். விருந்தாள் வந்தால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி. கப்ரியேல் ஓட்டிங்கன் என்ற ஆய்வாளர் எடை குறைக்க வந்த பெண்களைக் கவனித்தபோது, மெலிந்தபின் எப்படி இருப்போம் என்று இனிமையாகக் கற்பனை செய்தவர்களுக்குத்தான் எடை குறைவாகக் குறைந்தது. கற்பனையிலேயே பாதி சந்தோஷத்தை அனுபவித்துவிட்டால் உடம்பு எதற்கு மெனக்கெட வேண்டும்? அவருடைய வேறு ஆய்வுகளில், வெற்றியை நினைத்தபின் வழியில் எது குறுக்கே நிற்கும் என்பதையும் நினைத்தவர்களே முன்னேறினார்கள். தடங்கலைப் பற்றிப் பேசினால் ஊர்ப் பெரியவர்கள் அபசகுனம் என்று வாயை அடைப்பார்கள். அடைக்க விடாதீர்கள்.

"21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும்" என்பது இன்னொரு மேடைச் சரக்கு. லண்டனில் பிலிப்பா லாலி என்பவரும் உடன் ஆய்வு செய்தவர்களும் 2009-இல் வெளியிட்ட முடிவின்படி, ஒரு புதிய பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. நம்முடைய ஒரு மண்டலம், 48 நாள், 21-ஐவிட உண்மைக்கு நெருக்கம் என்று சொல்லலாம். அதற்குமேல் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது வேறு ஒரு தகவல். இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய நஷ்டம் எதுவும் ஏற்படவில்லை. விரதத்தில் ஒரு நாள் தவறினால் எல்லாம் போச்சு என்று வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கண்டிப்பை நடைப்பயிற்சிக்கும் கொண்டுவந்து, ஒரு நாள் மழையில் விட்டுப்போனதற்காக மொத்தத்தையும் கைவிடுகிறோம். விரதத்திலிருந்து காப்பையும் நாளையும் எடுத்துக்கொள்ளலாம்; இந்தக் கண்டிப்பை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

காப்பு செய்கிற வேலைக்கு வேறு பல வடிவங்கள் இருக்கின்றன. 1989-இல் தருமபுரியில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கிய நாளிலிருந்து, குறித்த நாளில் கூடி, எல்லோர் முன்னாலும் சேமிப்புத் தொகையை வைத்து, நோட்டில் ஏற்றுவதுதான் அவற்றின் அடிப்படை. தொகை சிறியது. ஆனால் தேதி இருக்கிறது, சாட்சி இருக்கிறது. பிலிப்பைன்ஸில் ஒரு வங்கி, தாமே குறித்த தேதியோ தொகையோ வரும்வரை பணத்தை எடுக்க முடியாத கணக்கு ஒன்றை வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்துப் பார்த்தது. கூடுதல் வட்டி கிடையாது. தன் பணத்தைத் தானே பூட்டிக்கொள்ள யார் வருவார்கள் என்று தோன்றும். கேட்கப்பட்டவர்களில் நாலில் ஒருவருக்கும் மேல் சேர்ந்தார்கள்; அவர்களின் சேமிப்பு நன்றாகவே உயர்ந்தது. தம்மை நம்பாதவர்கள் என்று அவர்களை எண்ணிவிடக் கூடாது. ஆடி மாதத்தில் தமக்கு என்ன புத்தி வரும் என்று சித்திரையிலேயே தெரிந்து வைத்திருந்தவர்கள். அடகு நகையை மீட்க நினைக்கும் குடும்பம், வெங்காயப் பணம் கைக்கு வந்த அன்றே ஒரு பங்கை நகைக் கடனில் கட்டிவிடுவதும் இதே அறிவுதான். வீட்டில் வைத்துக்கொண்டு "அப்புறம் பார்த்துக்கலாம்" என்றால் அதற்குள் ஒரு காதுகுத்து வந்துவிடும்.

சாட்சி சொல்வதற்கு நாம் மறந்துவிட்ட ஆட்களும் உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். மூன்று மாதச் சர்க்கரை என்று நாம் சொல்லும் பரிசோதனை, பேருக்கேற்ப மூன்று மாத நடப்பைக் காட்டுவது. நேற்று நடந்ததற்கு இன்று பலன் காட்டாது. ஆகவே அப்பாவுக்கு "சர்க்கரையைக் குறைக்கணும்" என்பதைவிட "ராத்திரி சாப்பிட்டதும் கோயில் வரை போய்ட்டு வரணும்" என்பதுதான் தினசரி இலக்கு. சர்க்கரை எண், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வழி சரிதானா என்று பார்க்க.

எண்ணைத் துரத்துவது தலைக்கேறினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி சாட்சி. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எட்டு வங்கிச் சேவைகளை விற்க வேண்டும் என்று ஊழியர்களை நெருக்கினார்கள். 2016-இல் வெளியே வந்தபோது, வாடிக்கையாளருக்கே தெரியாமல் லட்சக்கணக்கில் கணக்குகள் திறக்கப்பட்டிருந்தன. சுமார் 5,300 ஊழியர்கள் வேலை இழந்திருந்தார்கள். தனி மனிதரும் இதே வேலையைச் சிறிய அளவில் செய்கிறார். பாடத்தைப் படிக்காமல் பக்கத்தைப் புரட்டி, குறித்த எண்ணை எட்டிவிட்டதாக டிக் அடிப்பது. நோட்டை வேறொருவர் எப்போதாவது பார்த்தால் இது பெரும்பாலும் நின்றுவிடும்.

கெடு தவறிப்போனால்? சென்னையின் சதுரங்க வீரர் குகேஷ், உலகின் மிக இளைய கிராண்ட்மாஸ்டர் என்ற சாதனையை 17 நாளில் தவறவிட்டார். 2019 ஜனவரியில் பட்டம் பெற்றபோது அவருக்கு 12 வயது 7 மாதம் 17 நாள். அன்றைய சாதனை 12 வயது 7 மாதம். சாதனை கைநழுவியது, பட்டம் கைக்கு வந்தது, ஆட்டத்திறனும் அவரிடமே இருந்தது. மிக இளைய உலகச் சாம்பியன் ஆக வேண்டும் என்று சிறுவனாக இருந்தபோதே சொன்னவர், 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் 18 வயதில் அதை எட்டினார். இந்தக் கதையைச் சொல்லிவிட்டு "கனவு காணுங்கள்" என்று முடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அதே கனவோடு சதுரங்கப் பலகையின் முன் உட்கார்ந்த மற்றப் பிள்ளைகளின் பேர் நமக்குத் தெரியாது. கதையில் எடுத்துக்கொள்ளத் தக்கது, தவறிய தேதி செய்த வேலையை அழித்துவிடவில்லை என்பது மட்டும்.

எப்போது நிறுத்துவது என்பதைப் பெரும்பாலோர் பேசுவதே இல்லை. குரூப் 4 விஷயத்தில் இதுதான் மிக அவசரமான கேள்வி. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் ஆகியோர் தேவையான தகுதிக்கு மேல் படித்திருந்தால், பெரும்பாலான பணிகளுக்கு வயது வரம்பு கிடையாது. நியாயமான சலுகை. ஆனால் தேர்வாணையம் நிறுத்தாது என்பதால் நாமேதான் நிறுத்த வேண்டும். 22 வயதில் தொடங்கி 35 வயதிலும் "அடுத்த தடவை" என்று உட்கார்ந்திருப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். படிக்கத் தொடங்கும் அன்றே, தேர்வு முடிவின் கலக்கம் இல்லாமல் மனம் தெளிவாக இருக்கும்போதே, ஒரு வரி எழுதி வைப்பது நல்லது: மூன்று தேர்வு முழு மூச்சாக எழுதுவேன், மூன்றாவதில் வெட்டுப்புள்ளிக்குப் பத்துக் கேள்விக்குள் நெருங்கியிருந்தால் இன்னொன்று, இல்லையென்றால் ஒரு வேலையில் சேர்ந்துகொண்டு மாலையில் படிப்பேன். தோற்ற மறுநாள் இந்த முடிவை எடுக்கப் போனால் வீட்டாரின் முகமும் அக்கம்பக்கத்தின் பேச்சும்தான் முடிவெடுக்கும்.

வெங்காயக்காரர்களில் விவரமானவர்கள் இப்படிப்பட்ட முடிவை முன்கூட்டியே எடுத்துவிடுகிறார்கள். விலை இல்லாத நாளில் பறித்த வெங்காயத்தைப் பட்டறை போட்டு வைப்பார்கள். வைக்க வைக்க எடை குறையும், அழுகலும் முளைப்பும் தொடங்கும். விலை ஏறும்போது இன்னும் ஏறும் என்று தோன்றும், இறங்கும்போது திரும்ப ஏறும் என்று தோன்றும். ஆகவே பட்டறைக்குள் ஏற்றும் முன்பே மூன்று பங்காகப் பிரித்துவிடுகிறார்கள்: விதைக்கு இவ்வளவு, அதைத் தொடுவதில்லை; கூலிக்கும் உரக் கடைக்கும் கொடுக்க இவ்வளவு, வந்த விலைக்கு விற்பது; மீதி, இன்ன விலை வந்தால் அல்லது இன்ன தேதி வந்தால், இரண்டில் எது முந்துகிறதோ அன்றைக்குத் திருச்சிக்கு வண்டி ஏற்றுவது.